கரி, களிமண், கழிவு நூல்

பொருளையே பேசவைக்கும் புதுக்கலை உலகம் முழுக்க வளர்ந்து நிற்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல் காட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைக்கும் புரவி எடுப்பு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானதும் முதல் காரியம் பிடிமண் கொடுப்பது. ஊர்ப் பெரியவர் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி, மண்பாண்டம் செய்யும் வேளார் கையில் கொடுக்கிறார். அதைத் தன் களிமண்ணோடு கலந்த பிறகுதான் வேளார் குதிரை செய்யத் தொடங்குகிறார். ஆளுயரக் குதிரைக்கு ஒரு கைப்பிடி மண் எந்த மூலைக்கு? ஆனாலும் அந்த மண் கலக்காவிட்டால் குதிரை ஊருக்குச் சொந்தமாகாது.

முதலில் நான்கு கால்கள் எழும்பும். மணலும் உமியும் சேர்த்துப் பிசைந்த மண்ணைச் சுற்றிச் சுற்றி ஏற்ற, வயிறும் முதுகும் கழுத்தும் வளரும். ஈரம் மெல்ல இறங்க வேண்டும், அவசரப்பட்டால் வெடித்துவிடும். நன்றாகக் காய்ந்தபின் வைக்கோலும் விறகும் எருவாட்டியும் அடுக்கிச் சுடுவார்கள். பிறகு கண் திறந்து, ஊர்கூடிச் சுமந்துபோய் அய்யனார் கோயில் திடலில் நிறுத்துவார்கள். அதற்கப்புறம் அது வெயிலுக்கும் மழைக்கும் உரியது. காது உதிர்ந்தாலும் கால் ஒடிந்தாலும் பழுது பார்க்க ஆள் வராது. அடுத்த புரவி எடுப்பில் புதுக்குதிரைகள் பழைய சிதைவுகளின் பக்கத்திலேயே போய் நிற்கும்.

இதில் மூன்று காரியங்கள் இருக்கின்றன. ஊர் ஒரு எண்ணத்தை முன்வைக்கிறது. அந்த எண்ணம் குறிப்பிட்ட ஒரு மண்ணைக் கேட்கிறது. செய்து முடித்ததை அழியட்டும் என்று காலத்திடம் விட்டுவிடுகிறார்கள். 1960களில் ஐரோப்பிய, அமெரிக்கக் கலைஞர்கள் பலர் கேன்வாஸையும் வெண்கலத்தையும் விட்டு வெளியே வந்தார்கள். மண்ணையும் கொழுப்பையும் பழந்துணியையும் கரியையும் கையில் எடுத்தார்கள். பெரிய வாதங்களுக்குப் பிறகு அவர்கள் வந்து சேர்ந்த இடத்துக்கும் நம் அய்யனார் திடலுக்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்குத் தற்காலக் கலை என்றால் அது பெருநகரத்துக் குளிர்சாதன அறையில் நடக்கும் ஏதோ ஒன்று. அவர்கள் வீட்டைச் சுற்றிக் கிடப்பதெல்லாம் அந்தக் கலையின் மூலப்பொருள் என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு சோதனைக் கேள்வி

தீக்குச்சியில் தலைவர் உருவம், அரிசியில் தாஜ்மகால், பழைய இரும்பில் சிங்கம் என்று செய்திகள் அடிக்கடி வருகின்றன. அந்தப் பொறுமைக்கும் கைத்திறனுக்கும் மரியாதை உண்டு. ஆனால் வினோதமான பொருளைக் கொண்டு செய்ததாலேயே ஒன்று புதுக்கலை ஆகிவிடாது. அதைக் கண்டுகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தப் பொருளை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் படைப்பு எதையாவது இழக்குமா?

தலைவர் உருவத்தில் தீக்குச்சிக்குப் பதில் பல்குத்தும் குச்சியை வைத்தாலும் அது அதே தலைவர் உருவம்தான். சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி வளர்ந்த ஒரு பெண், தன் தாயின் இரண்டு கைகளைத் தீக்குச்சியால் செய்கிறாள் என்று வையுங்கள். அங்கே குச்சியை மாற்ற முடியாது. மாற்றினால் கை இருக்கும், தாய் இருக்க மாட்டாள். பொருள் தன் வரலாற்றோடு வந்து உட்காரும்போதுதான் கலை பிறக்கிறது. பிடிமண்ணுக்குப் பதில் கடையில் வாங்கிய மண்ணைக் கொடுத்தால் வேளார் வாங்க மாட்டார். அந்த மறுப்புக்குள் ஒரு முழுக் கலைக்கொள்கை இருக்கிறது.

மதுரைப் பக்கம் வந்த மருத்துவர்

இந்தச் சோதனையில் முழுமையாகத் தேறும் ஒருவர் நம் மண்ணோடு நேரடித் தொடர்புள்ளவர். வோல்ஃப்காங் லாய்ப், 1950இல் ஜெர்மனியில் பிறந்தவர். ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். 1974இல் அவர் முடித்த மருத்துவ ஆய்வேட்டின் பொருள், தென்னிந்தியாவின் குடிநீர்த் தூய்மை. மருத்துவப் பட்டம் வாங்கிய கையோடு கலைக்குத் திரும்பிவிட்டார். உடலை மட்டும் கவனிக்கும் மருத்துவம் அவருக்குப் போதவில்லை. மதுரைப் பக்கத்தில் அவருக்கு ஒரு பட்டறை இருக்கிறது. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். தினமும் வேலைக்குப் போய்த் திரும்பும் தூரம்தான்.

1975இல் லாய்ப் முதல் ‘பால்கல்’லைச் செய்தார். வெள்ளைச் சலவைக்கல் பலகை ஒன்றின் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவு குழிவாக இழைத்து, அந்தக் குழிவு நிரம்பப் பாலை ஊற்றினார். கல் எங்கே முடிகிறது, பால் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. பால் திரியும் என்பதால், அன்றன்றைக்கு அதை எடுத்துத் துடைத்துவிட்டு மறுநாள் புதுப்பால் ஊற்ற வேண்டும். அருங்காட்சியகத்தில் வைத்தால் ஊழியர்களே இதைச் செய்கிறார்கள். படைப்பை வாங்கியவர் வாங்கியது ஒரு கல்லை மட்டுமில்லை, நாள் தவறாமல் செய்தாக வேண்டிய கடமையையும் சேர்த்துத்தான்.

அபிஷேகம் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரிவதில் கஷ்டமே இல்லை. கல்லுக்குப் பால் ஊற்றுவதும், வழிந்ததைத் துடைப்பதும், மறுநாள் மறுபடி ஊற்றுவதும் திருச்சுழி திருமேனிநாதர் கோயிலில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருவது. ரமண மகரிஷி 1879இல் பிறந்த வீடு அந்தக் கோயிலுக்குப் பக்கத்தில்தான். ஐரோப்பியப் பார்வையாளர் விளக்கப் பலகையைப் படித்து அறிந்துகொள்ளும் ஒன்றை நம் ஊர்ப் பாட்டி பார்த்ததும் அறிந்துகொள்வாள்.

லாய்பின் இன்னொரு பொருள் மகரந்தம். தன் கிராமத்தைச் சுற்றியுள்ள புல்வெளிகளிலும் காடுகளிலும் பூக்கும் பருவம் முழுக்க நடந்து, ஹேசல் மரம், பைன், சீமைக் காட்டுப் பூக்கள் என ஒவ்வொன்றிலிருந்தும் கையால் தட்டி எடுத்துச் சேர்க்கிறார். ஒரு பருவத்துக்குச் சில கண்ணாடிக் குப்பிகள் நிறைந்தால் அதிகம். 2013இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் ஹேசல் மகரந்தத்தைச் சல்லடையில் சலித்து 18 அடிக்கு 21 அடிப் பரப்பில் விரித்தார். அதற்கான மகரந்தம் 1990களின் நடுப்பகுதியிலிருந்து சேர்த்துவந்தது. மஞ்சள் சாயப்பொடியை அதே பரப்பில் தூவினாலும் நிறம் அப்படியே கிடைக்கும். ஆனால் அத்தனை வருட நடை அதில் இருக்காது.

சாம்பிராணிக் கிறிஸ்துவும் யாழ்ப்பாணத்துப் பொருள்களும்

தமிழ்நாட்டுக்குள்ளேயே இந்த வழியில் துணிந்து நடப்பவர் பெனிதா பெர்சியாள். 1978இல் திருவண்ணாமலையில் பிறந்து, சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவர். 2014இல் கொச்சி முசிறிஸ் பினாலே என்னும் கலைக் கண்காட்சியில் கிறிஸ்துவையும் சீடர்களையும் சாம்பிராணி, மரப்பட்டைத் தூள், மூலிகை, நறுமணப் பொருள்கள் கலந்த கலவையில் வார்த்து வைத்தார். சிலைகளை அடையும் முன்பே அவற்றின் வாசம் வந்து பார்ப்பவரை அழைத்தது. மேற்காசியாவிலிருந்து கடல்வழியாக வந்தது சாம்பிராணி. அதே கடல்வழியில் வந்ததாக நம்பப்படுவது கிறிஸ்துவின் சீடர் தோமாவின் சமயம். மிளகும் பட்டையும் ஏறிப் போன துறைமுகம் கொச்சி. இத்தனையையும் பொருளே சொல்லிவிடுகிறது. அதே உருவங்களைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்திருந்தால் அவை தேவாலயக் கடையில் விற்கும் சிலைகளாக நின்றிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் தாமோதரம்பிள்ளை சனாதனன் வேறொரு திசையில் போனார். அவர் தேர்ந்த பொருள், மக்கள் பத்திரப்படுத்தி வைத்திருந்த பொருள்கள். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் புதுப்பித்த கட்டடத்தில் 2004இல் நடந்த கண்காட்சிக்காக, போருக்குள் வாழ்ந்த மக்களிடமிருந்து நூற்றுக்கணக்கான பொருள்களைக் கேட்டு வாங்கி அடுக்கினார். புத்தகம் எரிந்த இடத்தில் வீட்டுச் சாமான்கள் வரலாறு சொல்லின. 2011இல் வந்த அவருடைய நூலின் பெயர் ‘முடிவுறாத் தோம்பு’. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப்பதிவேடு. இடம்பெயர்ந்தவர்களிடம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். அவர்கள் வரைந்ததும், கட்டடக் கலைஞர் அதை முறைப்படி வரைந்ததும், சனாதனனின் சித்திரமும் அடுத்தடுத்து வருகின்றன. கிணறு எங்கே இருந்தது, மாமரம் எங்கே நின்றது என்று தடுமாறும் அந்தக் கோடுகளை எந்தப் பதிவேட்டிலும் பார்க்க முடியாது.

திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் நடந்து பார்த்தவர்களுக்கு இந்த முறை எவ்வளவு பொருந்தும் என்பது விளங்கும். இங்கே போர் இல்லை. மழை பொய்த்ததும் வேலை இல்லாததும் ஆட்களை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் கொண்டுபோயின. பூட்டிய வீடுகளின் திண்ணையில் உரலும் குலுக்கையும் கமலைச் சாலும் இன்னும் கிடக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கி, உரியவர் வாயால் கதையையும் வாங்கி, ஒரு கூடத்தில் வைக்க ஓர் இளைஞர் போதும்.

கரிமூட்டத்தின் கரி

இந்தச் சீமையின் அடையாளமாகவே ஆகிவிட்ட மரம் சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து, விறகுப் பஞ்சம் தீர்க்கும் என்ற நம்பிக்கையில் பழைய ராமநாதபுரம் சீமையில் பரப்பப்பட்டது. கண்மாயையும் புன்செயையும் அது மூடிய கதையும், அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்றம்வரை வழக்கு நடந்த கதையும் ஊரறிந்தவை. விவசாயி சபிக்கும் அதே மரம்தான் விளைச்சல் இல்லாத ஆண்டுகளில் அடுப்பெரிய வைத்தது. அதை வெட்டி, அடுக்கி, மண்பூசி, மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரியில் ஏற்றிப் பிழைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம்.

மூட்டம் போடுவது கண்ணும் மூக்கும் பழக வேண்டிய வேலை. விறகைக் குவியலாக அடுக்கி, செத்தையும் தழையும் போர்த்தி, ஈரமண்ணால் மூடித் தீ வைப்பார்கள். காற்று அதிகம் புகுந்தால் விறகு சாம்பலாகிவிடும், புகாவிட்டால் வேகாது. புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே வெந்தது எவ்வளவு என்று சொல்வார்கள். எந்த இடத்தில் ஓட்டை போட வேண்டும், எதை அடைக்க வேண்டும் என்பது அனுபவம். இரவும் பகலும் காவல் இருக்க வேண்டும். அந்தப் புகை அவர்கள் நெஞ்சில் படிவதையும் சேர்த்துத்தான் இந்தக் கரியின் விலையைச் சொல்ல வேண்டும்.

மகாராஷ்டிர மாநிலம் சந்திரபூர் மாவட்டத்தில் சாஸ்தி என்ற ஊரில் 1986இல் பிறந்தவர் பிரபாகர் பச்புதே. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த குடும்பம். அவர் பெரிய சுவர்களில் கரிக்கட்டியால் வரைகிறார். தலைக்குப் பதில் இயந்திரம் முளைத்த தொழிலாளி, குடைந்தெடுத்த மலை, தோண்டிய பின் கைவிட்ட வயல் இவையெல்லாம் அவர் படங்கள். கரியில் வரைவது ஓவியப் பள்ளி முதலாண்டுப் பாடம். அதில் புதுமை ஏதுமில்லை. சுரங்கக் குடும்பத்துப் பிள்ளை சுரங்கத்தைக் கரியால் வரையும்போது அந்தப் பழைய கருவிக்கு வேறு கனம் வந்துவிடுகிறது. 2021இல் வேல்ஸ் நாட்டின் ஆர்ட்டெஸ் முண்டி விருதைப் பகிர்ந்துகொண்ட கலைஞர்களில் அவரும் ஒருவர். வேல்ஸும் நிலக்கரி தோண்டி வாழ்ந்த நாடு என்பதால் அங்கே அவர் படங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

கரிமூட்டக்காரர் மகள் ஒருத்தி, தன் தகப்பன் சுட்ட கரியை எடுத்துத் தகப்பன் முகத்தையே வரையும் நாளை நான் எதிர்பார்க்கிறேன். அந்தப் படத்துக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

தறிவீட்டு மகன்

அருப்புக்கோட்டை நெசவூர். கைத்தறியும் விசைத்தறியும் சாயப்பட்டறையும் பார்த்த ஊர். பாவு, ஊடை, தார் என்ற சொற்கள் அங்கே பிள்ளைகள் வாயில் தானாக வரும். தறியிலிருந்து அறுத்துப் போடும் கழிவு நூலுக்கு வண்டி துடைக்கும் வேலைதான் மிச்சம் என்று நினைக்கிறோம்.

எல் அனாட்சுயி 1944இல் கானாவில் பிறந்தவர். தகப்பனும் சகோதரர்களும் கென்டே என்ற பட்டைத் துணியை நெய்தவர்கள். அனாட்சுயி நைஜீரியாவின் நுசுக்காவில் உள்ள பல்கலைக்கழகத்தில் சிற்பம் கற்பித்தார். 1990களின் இறுதியில் அவர் கண்ணில் பட்டது ஒரு பை நிறைய மதுப்புட்டி மூடிகள். ஐரோப்பிய வணிகர்கள் ஆப்பிரிக்காவில் மதுவைக் கொடுத்து வாங்கியவற்றில் மனிதர்களும் அடக்கம். அந்த வரலாறு ஏறிய மூடிகளைத் தட்டி, நசுக்கி, மடித்து, ஆயிரக்கணக்கில் செம்புக் கம்பியால் கோத்து, கூடத்தை அடைத்துத் தொங்கும் உலோகத் துணிகளாக்கினார். எங்கே மாட்டினாலும் அந்த இடத்துக்கேற்ப மடிப்பும் அலையும் மாறும். 2015 வெனிஸ் பினாலே அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருதை வழங்கியது. தகப்பன் தறியில் செய்ததை மகன் தகரத்தில் செய்தார். நெசவாளர் வீட்டு அறிவை விட்டு வெளியேறாமலே உலகக் கலையின் உச்சிக்குப் போய்விட்டார் என்பதை அருப்புக்கோட்டைத் தறிவீட்டுப் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டும்.

இருட்டில் வளரும் பயிர்

உயிருள்ள பொருளைக் கொண்டு செய்யும் கலையும் உண்டு. 1982இல் ஆக்னஸ் டெனெஸ் என்ற கலைஞர், நியூயார்க்கில் மண்கொட்டி மேடாக்கிய 2 ஏக்கர் நிலத்தில் கோதுமை விதைத்தார். பக்கத்தில் பங்குச்சந்தைத் தெருவும் உலக வர்த்தக மைய இரட்டைக் கோபுரங்களும். பல நூறு கோடி டாலர் மதிப்புள்ள மனையில் நான்கு மாதம் கதிர் ஆடியது. ஆகஸ்ட்டில் அறுத்தபோது 1000 பவுண்டுக்கு மேல் விளைச்சல். நிலத்துக்கு விலையா, விளைச்சலா எது பெரிது என்று அந்தப் படைப்பு கேட்டது.

கரிசல் காட்டுப் பெண்கள் முளைப்பாரி போடும்போது அதே விதமான கேள்வியை வானத்தை நோக்கிக் கேட்கிறார்கள். ஓட்டிலோ சட்டியிலோ எருவும் வைக்கோலும் பரப்பி, சோளமும் பாசிப்பயறும் தட்டாம்பயறும் மொச்சையும் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைப்பார்கள். தினமும் தண்ணீர் தெளித்து, இரவில் சுற்றி நின்று கும்மி கொட்டுவார்கள். வெயில் படாததால் பயிர் வெளிர் மஞ்சளாக நெடுநெடுவென்று வளரும். அதன் வளர்த்தியைப் பார்த்து அந்த ஆண்டு வெள்ளாமையைக் கணிப்பார்கள். பிறகு தலையில் சுமந்து ஊர்வலம் போய், கண்மாயிலோ கிணற்றிலோ கரைத்துவிடுவார்கள். விதைத்தல், மறைத்து வளர்த்தல், பாட்டு, நடை, கரைத்தல் என எல்லாம் சேர்ந்த ஒரே படைப்பு அது. பக்திக்காகச் செய்வதைக் கலை என்று பெயர் மாற்றத் தேவையில்லை. ஆனால் உயிருள்ள பொருளோடு இவ்வளவு நுட்பமாக வேலை செய்யத் தெரிந்தவர்களைக் கலை அறியாதவர்கள் என்று இனியும் சொல்லக் கூடாது.

எங்கே தொடங்குவது?

தமிழ்நாட்டில் அரசு கவின் கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன. தெற்குக் கரிசலில் ஒரு பிள்ளைக்கு இந்த ஆர்வம் வந்தால் ஊரைவிட்டுப் போயாக வேண்டும். ஆனாலும் இங்கே ஒரு கல்லூரி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, பள்ளிக்கல்வித் துறை நடத்தும் கலைத் திருவிழாவில் ஊர்ப்பொருளில் செய்யும் படைப்புக்குத் தனிப்பிரிவு வைக்கலாம். வண்ணப்பெட்டி வாங்க முடியாத பிள்ளையும் கரித்துண்டும் கண்மாய்க் களிமண்ணும் கழிவு நூலும் பருத்தி மாரும் கொண்டுவந்து போட்டியிட முடியும். மதிப்பெண் போடுபவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஏன் இந்தப் பொருள்? அதற்குப் பிள்ளை சொல்லும் பதிலில்தான் கலை இருக்கிறது.

இரண்டாவது, இடம். 2012இல் கொச்சியில் பினாலே தொடங்கியபோது புதிய மாளிகை எதையும் எழுப்பவில்லை. பழைய வணிகக் கிட்டங்கிகளைத் திறந்து கூட்டிப் பெருக்கி உள்ளே போனார்கள். இங்கேயும் ஒரு பழைய கிட்டங்கியோ ஓட்டம் நின்ற தறிக்கொட்டகையோ போதும்.

மூன்றாவது, மரியாதை. வேளாரையும் மூட்டக்காரரையும் நெசவாளரையும் கூலிக்கு அழைத்துவந்து, வேலை முடிந்ததும் வாசலோடு அனுப்பிவிட்டு, கலைஞர் பெயரை மட்டும் பலகையில் எழுதும் வழக்கம் உலகக் கலையரங்குகளில் உண்டு. அந்தப் பழக்கம் இங்கே வரக் கூடாது. கரி யார் சுட்டது, மண் யார் பிசைந்தது என்று பெயரோடு எழுத வேண்டும். ஊதியமும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

வறண்ட பூமி என்று சொல்லிச் சொல்லியே இந்த மண்ணின் பிள்ளைகளை இல்லாதவர்களாக ஆக்கிவிட்டோம். தண்ணீர் குறைவு, உண்மை. வேலை குறைவு, அதுவும் உண்மை. ஆனால் கதை ஏறிய பொருள்களில் இந்தச் சீமைக்குக் குறைவே இல்லை. அவற்றை எடுத்துப் பேசவைக்கும் உரிமை, அவற்றோடு வாழ்ந்தவர்களுக்கே முதலில் உண்டு. ஒரு பள்ளி, ஓர் ஆசிரியர், ஒரு கொட்டகை கிடைத்தால் வருகிற பங்குனிப் பொங்கலுக்கே முதல் கண்காட்சியைத் திறந்துவிடலாம்.